நேரத்தை வைத்து நகேயேவை எடை போடாதீர்கள்

டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானில் ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்து, கையசைத்து, பின்னால் வந்த நண்பரைப் பதக்கம் வரை இழுத்து வந்த வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். உருக்கமான இசை போட்டு ‘நட்புன்னா இதுதான்’ என்று சுற்றில் விட்டார்கள். கையசைத்தவர் நெதர்லாந்தின் அப்தி நகேயே. நட்பு சரி, மறுக்கவில்லை. ஆனால் அவரை நல்ல மனசுக்காரர் என்று மட்டும் கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை. ஓட்டக்காரராக அவர் செய்த காரியம் அதில் அமுங்கிப் போகிறது.

நடந்தது 2021 ஆகஸ்ட் 8, சப்போரோவில். வெயிலுக்குப் பயந்து டோக்கியோவிலிருந்து அங்கே மாற்றினார்கள். அங்கேயும் புழுக்கம் விடவில்லை, நிறைய பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். தங்கம் வாங்கிய கென்யாவின் கிப்சோகே எப்போதோ தனியாகப் போய்விட்டார். கடைசியில் மிச்சம் இரண்டு பதக்கம், போட்டியில் மூன்று பேர்: நகேயே, பெல்ஜியத்தின் பஷீர் அப்தி, கென்யாவின் லாரன்ஸ் செரோனோ. இந்தச் செரோனோ லேசுப்பட்ட ஆள் இல்லை. 2019இல் பாஸ்டனை இரண்டு விநாடியில், சிகாகோவை ஒரே விநாடியில் ஜெயித்தவர். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தசைப்பிடிப்போடு திணறும் பஷீரைப் பார்த்து ‘வா, வா’ என்று கையாட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும்? தன் காலில் இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தவர்தான் அதைச் செய்ய முடியும். நகேயே 2:09:58, பஷீர் 2:10:00, செரோனோ 2:10:02. கணக்கு கொஞ்சம் பிசகியிருந்தால் வெள்ளியும் போயிருக்கும்.

இரண்டு பேருமே மொகதிஷுவில் பிறந்தவர்கள், சோமாலியப் போர் வெவ்வேறு நாடுகளில் கொண்டுபோய்ச் சேர்த்தது, சேர்ந்து பயிற்சி செய்பவர்கள். இதெல்லாம் எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

நெதர்லாந்துக்காரர்களுக்கு அந்த வெள்ளியின் அருமை வேறு. அதற்கு முன் அவர்களுக்கு ஒலிம்பிக் மாரத்தானில் வெள்ளி வாங்கித் தந்தவர் ஹெரார்ட் நைபூர், 1980 மாஸ்கோவில். 41 வருட இடைவெளி! அப்புறம் 2022இல் ராட்டர்டாம் மாரத்தானை ஜெயித்த முதல் நெதர்லாந்து ஆணும் நகேயேதான். அங்கேயும் எத்தியோப்பியாவின் லெயுல் கெப்ரெசிலாசேவுடன் கடைசி வரை மல்லுக்கட்டு. இருவருக்கும் ஒரே நேரம், 2:04:56. இரண்டு வருடம் கழித்து அதே ஊரில் மறுபடி ஜெயித்து 2:04:45 என்று தேசிய சாதனையையும் திருத்தினார்.

கென்யாவின் கெல்வின் கிப்டம் மாரத்தானை 2:00:35இல் ஓடிவிட்ட காலத்தில் 2:04 ஒரு நேரமா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு இந்த வாதமே பிடிக்காது. வேகம் பிடித்துக் கொடுக்க முன்னால் ஆள் ஓடும் சமதளப் பாதை ஒன்று. அப்படி யாரும் இல்லாமல் மேடும் பள்ளமுமாக, ஒருவரையொருவர் ஆழம் பார்த்துக்கொண்டே ஓடும் பந்தயம் இன்னொன்று. நகேயே இந்த இரண்டாவது ரகத்துக்கு ஆன ஆள்.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் அவரால் ஓடி முடிக்கவே முடியவில்லை. அன்று வெள்ளி பஷீருக்கு. முப்பத்தைந்து வயது, இனி அவ்வளவுதான் என்று எழுதியவர்கள் உண்டு. மூன்றே மாதத்தில், நவம்பர் 3 அன்று நியூயார்க். பாலங்கள், சென்ட்ரல் பார்க்கின் ஏற்ற இறக்கம், கடைசி வரை கூடவே ஒட்டிக்கொண்டு வந்த எவன்ஸ் செபெட். அவரை ஆறு விநாடி பின்னே தள்ளி 2:07:39இல் முடித்தார். பாரிஸில் தங்கம் வாங்கிய தமிராத் தோலா அன்று நான்காவது. நியூயார்க் மாரத்தானை அதற்கு முன் எந்த நெதர்லாந்து ஆணும் ஜெயித்ததில்லை.