கல்வெட்டுப் புத்தகத்தில ஒரு பக்கம் கூடுதலா வேணும்

அப்பா செத்து முப்பத்தோராம் நாளுக்கு கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம், அடிக்கக் குடுத்திருக்கிறம். நேற்று பிறஸ்ஸில இருந்து மாதிரிப் பக்கம் அனுப்பினவை. தேவாரம் இருக்கு, வம்சாவழி இருக்கு, ஆர் ஆர் எந்த நாட்டில இருக்கினம் எண்டதும் இருக்கு. இந்த மனுசன் வாழ்நாள் முழுக்க என்ன செய்தவர் எண்டு மட்டும் ஒரு வரி இல்ல. "அன்பும் பண்பும் நிறைந்தவர்" எண்டு ஒரு வசனம், அது எல்லாற்ர கல்வெட்டிலயும் இருக்கிற வசனம். எனக்கு இதில சரியான கோவம், அதான் எழுதுறன். டொக்டர் எண்டால் டொக்டர் எண்டு போடுறம், அதிபர் எண்டால் ஓய்வுபெற்ற அதிபர் எண்டு கொட்டை எழுத்தில போடுறம், கையால வேலை செய்து ஊரை ஓட வைச்ச ஆளுக்கு மட்டும் ஏன் பிறப்பிடமும் வதிவிடமும் காணும் எண்டு விடுறம்?

அப்பா பிறந்தது ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒண்டில. தேயிலை பெக்டரியில மிசின் பூட்டித் திருத்திற பிட்டருக்குக் கையாளா நிண்டு சாமான் எடுத்துக் குடுத்த பொடியன். 1977 இல தமிழருக்கு எதிரா நடந்த கலவரத்தோட உடுத்த உடுப்போட வன்னிக்கு வந்து, கிளிநொச்சிப் பக்கத்துத் தர்மபுரத்தில காடு வெட்டிக் கொட்டில் போட்ட சனத்தில அவரும் ஒராள். படிப்பு அஞ்சாம் வகுப்பு. பெக்டரியில ரோலரும் ட்ரையரும் எப்பிடி ஓடுது எண்டு பாத்துப் பழகின கண்தான் அவர் கொண்டு வந்த முதல்.

தொண்ணூறுகள்ள வன்னியில இருந்தவைக்கு நான் சொல்லத் தேவையில்ல, வெளியில இருந்தவைக்காகச் சொல்லுறன். பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, பசளை எல்லாத்துக்கும் யுத்தத்தால அரசாங்கம் போட்ட தடை. மண்ணெண்ணெய் எப்பவாவது வரும், அதுவும் நெருப்பு விலை. அப்பா பெற்றோல் மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில ஓட வைப்பார். ஸ்டார்ட் எடுக்க மட்டும் சேலைன் போத்தல்ல கொஞ்சம் பெற்றோல், அந்தக் குழாயாலயே சொட்டுச் சொட்டா காபரேட்டருக்கு விட்டு, எஞ்சின் சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. மண்ணெண்ணெயில ஓடினா எஞ்சின் இடிக்கும், அதுக்கு ஹெட்டுக்குக் கீழ இன்னொரு கஸ்கட் போட்டு கொம்பிரசனைக் குறைப்பார். இது அவர் மட்டும் கண்டுபிடிச்ச வித்தை எண்டு சொல்ல வரேல்ல, வன்னி முழுக்க இப்பிடி ஆக்கள் இருந்தவை. நெல்லு விளைஞ்சதும், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்ததும், பிள்ளையள் குப்பி விளக்கில எண்டாலும் படிச்சதும் இவையின்ர கையாலதான். வன்னியைப் பற்றி எவ்வளவோ எழுதுறம், இவையைப் பற்றி எங்க எழுதியிருக்கிறம்?

விளக்குப் பிடிக்கிறது என்ர வேலை. பம் தண்ணி இழுக்குதில்ல எண்டு பொழுதுபட்டாப் பிறகும் ஆக்கள் வருவினம். அப்பா எஞ்சினில கை வைக்க மாட்டார், முதல்ல கிணத்துக்குள்ள கிடக்கிற குழாயைத் தூக்கச் சொல்லுவார். அடியில இருக்கிற புட்வால்வுக்குள்ள ஒரு தோல் மூடி இருக்கும், அது தேஞ்சா தண்ணி கீழ வடிஞ்சிடும், மேல எத்தினை வாளி ஊத்தினாலும் பம் பிடிக்காது. கடையில தோல் இல்ல. லொறி ரியூப் துண்டொண்டை எடுத்து, பழைய மூடியை அதுக்கு மேல வைச்சு ஆணியால கீறி, அம்மான்ர தையல் கத்தரிக்கோலால வட்டமா வெட்டி, ரின்பால் பேணித் தகரத்தில ஒரு வொஷர் அடிச்சு நடுவில வைச்சு முடுக்குவார். பிறகு தண்ணி நிரப்பித் தூக்கிப் பிடிச்சு, "பிள்ளை, விளக்கைக் கிட்டக் கொண்டா" எண்டுவார். அடியால ஒரு சொட்டு விழுந்தாலும் கழட்டித் திரும்ப வெட்டுவார், வந்த ஆள் "காணும் அண்ணை, இது ஓடும்" எண்டாலும் விடமாட்டார்.

காசு எண்டு வாய் திறந்து கேட்டு நான் பாக்கேல்ல. நெல்லு, பயறு, பூசணிக்காய், சிலநேரம் ஒண்டுமில்ல. அம்மா அதுக்குப் பேசுவா, நான் அம்மா பக்கம்தான். தங்கமான மனுசன் எண்டு சொல்லிச் சொல்லியே வேலை வாங்கிப்போட்டுக் கூலி குடுக்காமப் போனதும் எங்கட சனம்தான், அதையும் எழுதத்தான் வேணும். எண்டாலும் எங்களை ஒருநாளும் பட்டினி போட்டதில்ல, பொழுதுபட உமியும் சவுக்காரமும் போட்டுக் கை தேய்ச்சுப்போட்டு வந்து எங்கட கொப்பியளைத்தான் முதல் பாப்பார், என்ன எழுதியிருக்கு எண்டு விளங்காட்டிலும் ஒவ்வொரு பக்கமாப் பாப்பார்.

2009 தை மாசம் தர்மபுரத்தை விட்டு வெளிக்கிட்டு விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, முள்ளிவாய்க்கால் எண்டு போனதைப் பற்றி இதில எழுதேல்ல, அது வேற கதை. திரும்பி வந்து தகரக் கொட்டிலுக்குள்ள இருந்த நேரம் பக்கத்துக் காணிப் பொடியனுக்கு வலது கை இல்ல, பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போறவன். அப்பா ஒரு பழைய சைக்கிளில முன் பிறேக் கேபிளையும் பின் பிறேக் கேபிளையும் ஒரே லிவரில கொழுவி இடது பக்கம் பூட்டிக் குடுத்தவர். பிடிச்சா பின்சில் முதல் இறுக வேணும், முன்சில் முதல் பிடிச்சா பொடியன் தூக்கி எறிபட்டுப் போவான் எண்டு சொல்லிச் சொல்லி கேபிளை அரை நூல் அரை நூலாக் கூட்டிக் குறைச்சது இப்பவும் ஞாபகம். பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்துது, ஐஞ்சரை லட்சம், அதுவும் கட்டம் கட்டமாத்தான் வரும், கனபேருக்கு அத்திவாரத்திலயே கடன். ஆம்பிளைத் துணையில்லாத வீடுகளுக்கு கதவு நிலையும் கூரை மரமும் அப்பாதான் போய்ப் பூட்டினவர்.

2018 மார்கழியில இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்து கண்டாவளைப் பக்கம் வெள்ளம் போட்டதெல்லோ, தாண்ட பம்மெல்லாம் எங்கட முத்தத்துக்குத்தான் வந்துது. வந்த ஆக்களுக்கு அவர் சொன்ன முதல் கதை, ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதேங்கோ எண்டது. பிளக்கைக் கழட்டித் தண்ணியை வெளிய எடுத்து, ஒயிலை மாத்திப்போட்டுத்தான் மிச்சம். அவசரப்பட்டு இழுத்த ஆக்களுக்கு எஞ்சினே போட்டுது.

கிளிநொச்சி அறிவியல் நகரில 2016 இல ஜேர்மன் ரெக் எண்ட தொழிற்பயிற்சி நிலையம் திறந்தது, நல்ல இடம், அப்பா கடையிற மிசினைப் பாக்க ஆசையா இருந்தவர். ஆனா இண்டைக்கும் எங்கட தாய் தேப்பன் ஏ.எல். (உயர்தரச் சோதினை) சரிவராத பிள்ளைக்குத்தான் அது எண்டு நினைக்கினம். இதுக்கும் கல்வெட்டில ஒரு வரி இல்லாததுக்கும் தொடர்பு இருக்கு எண்டுதான் நான் நம்புறன். செத்தாப் பிறகும் பேர் சொல்லாத தொழிலுக்கு எந்தப் பிள்ளை விரும்பிப் போகும்?

பிறஸ்காரரிட்ட ஒரு பக்கம் கூட்டச் சொல்லிப்போட்டன். மேல "மிசின் திருத்துநர், தச்சர்" எண்டு போடுறம். தர்மபுரம், விசுவமடு, வட்டக்கச்சிப் பக்கத்து ஆக்கள், அப்பா உங்களுக்கு என்ன திருத்தித் தந்தவர் எண்டு ரெண்டு வரி எழுதி அனுப்புங்கோ, உங்கட பேரோட போடுறம். வெள்ளிக்கிழமைக்கு முதல் வந்தா நல்லம். உங்கட வீடுகளிலயும் கல்வெட்டு அடிக்கிற நிலமை வந்தா, தேவாரத்தில ஒரு பக்கம் குறைஞ்சாலும் பரவாயில்ல, அந்த ஆள் செய்த வேலையை எழுதுங்கோ.