"இப்பத்தானே சொன்னேன்!"

டிமென்ஷியா என்ற மறதிநோய் வந்தவர் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது காதில் விழும் பேச்சு இது. இதை மட்டும் எல்லாரும் விட்டுவிட்டால் அந்த வீட்டுச் சண்டையில் பாதி குறையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை அல்சைமர். அதில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது மூளையிலுள்ள ஹிப்போகேம்பஸ். புதிதாகக் கேட்டதைப் பதிந்து வைக்கும் இடம் அது. ஐந்து நிமிடம் முன்பு நீங்கள் சொன்னது அங்கே பதியவே இல்லை. பதியாததை எங்கிருந்து ஞாபகப்படுத்துவார்? ஆனால் நீங்கள் கத்தினீர்களே, அந்தப் பயமும் அவமானமும் தங்கிவிடும். எதற்காக என்பது மறந்துபோகும், கலக்கம் மட்டும் நிற்கும். சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், ஏன் என்று அவருக்கே தெரியாது. நாம் அதற்குப் பிடிவாதம் என்று பேர் வைத்துவிடுகிறோம்.

பத்தாவது தடவை கேட்டாலும் முதல் தடவை போலவே, சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பார். "இதுதானே உங்க வீடு" என்று வாதாடினால் இன்னும் பதறுவார். "போகலாம், வாங்க" என்று கையைப் பிடித்து ஒரு சுற்று நடத்திக் கூட்டி வாருங்கள். இறந்துபோன மனைவியைத் தேடினால், "அவங்க ஞாபகமா இருக்கா?" என்று அவரைப் பற்றியே பேச்சுக் கொடுங்கள். இதைப் பொய் என்று சங்கடப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே சாவுச் செய்தியைத் தினமும் புதிதாகச் சொல்லி அழ வைப்பதில் எந்த நேர்மையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதிகமாகச் சண்டை நடக்கும் இடம் குளியலறை. அவர் பக்கம் நின்று பாருங்கள். யாரோ உடையைக் கழற்றுகிறார்கள், குளிர்கிறது, திடீரென்று தலையில் தண்ணீர் கொட்டிக் கண் மறைகிறது, மூச்சு முட்டுகிறது. கையை ஓங்காமல் என்ன செய்வார்? துண்டு, சோப்பு, மாற்றுத்துணி எல்லாம் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பாதியில் விட்டுவிட்டுத் துண்டு எடுக்க ஓடினால்தான் விழுவார். வழுக்காத நாற்காலியில் உட்கார வைத்து, தோளிலும் மடியிலும் துண்டைப் போர்த்துங்கள். தண்ணீரின் சூட்டை உங்கள் மணிக்கட்டில் பார்த்துவிட்டுப் பாதத்திலிருந்து தொடங்குங்கள். துண்டை அங்கங்கே விலக்கிக் கழுவி, உடனே மூடிவிடுங்கள். மக்கை அவர் கையிலேயே கொடுத்தால் இன்னும் நல்லது, கைப்பழக்கம் நெடுநாள் ஓரளவு நிற்கும். தலைக்குக் குளிப்பதை வேறொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள். "குளிச்சிட்டு வாங்க" என்பது அவருக்கு முப்பது வேலை. "இந்தக் கையைத் தூக்குங்க" என்பது ஒரு வேலை. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிட்டு இருபது நிமிடம் கழித்துக் கேளுங்கள். வாரத்துக்கு இரண்டு முழுக்குளியல் போதும். மற்ற நாளில் முகம், அக்குள், தொடையிடுக்கு மூன்றையும் ஈரத்துணியால் துடைத்தாலே பெரும்பாலும் புண் வராது.

வீட்டையும் அவர் கண்ணால் ஒருமுறை பாருங்கள். கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும், தாண்டப் போய் விழுவார். வெள்ளைத் தரையில் வெள்ளைக் கழிப்பறை இருக்கை கண்ணில் படாது, அழுத்தமான நிறத்தில் மாற்றுங்கள். கழிப்பறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ராத்திரி வெளிச்சம் வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நேற்று வரை சுமாராக இருந்தவர் ஒன்றிரண்டு நாளில் தலைகீழாக மாறினால், "நோய் முத்திடுச்சு" என்று விடாதீர்கள். டிமென்ஷியா அப்படி ஓரிரவில் முத்துவது அபூர்வம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, சொல்லத் தெரியாத வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, பெரும்பாலும் இதில் ஒன்று இருக்கும். பெரியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று வரும். சளிக்குப் போடும் குளோர்பெனிரமின்கூட அவர்களைக் குழப்பிவிடும். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ராத்திரி தூங்கவில்லை என்று மனநோய் மாத்திரையை நீங்களாகக் கூட்டவே கூடாது. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அவை உயிராபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்தது. லூயி பாடி என்ற வகை டிமென்ஷியா என்றால், அந்த மாத்திரைகளில் ஒன்றான ஹாலோபெரிடால் உடம்பையே விறைக்க வைத்துவிடலாம்.

இனி, கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர். எதிரில் உட்கார்ந்திருக்கும் அம்மாவையே தினம் தினம் கொஞ்சமாக இழப்பதற்கு, பாலின் பாஸ் என்ற குடும்ப நல ஆய்வாளர் "தெளிவற்ற இழப்பு" என்று பேர் வைத்தார். ஆள் இருக்கிறார், அதனால் அழவும் கூச்சமாக இருக்கும். "சீக்கிரம் முடிஞ்சா தேவலை" என்று ஒரு நொடி மனசில் ஓடினால் உங்களைப் பாவி என்று நினைக்காதீர்கள். நான் மதிக்கிறவர்களில் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் முதலிடம்.

என் கோபமெல்லாம், தூரத்திலிருந்து போன் செய்து "என்கிட்ட நல்லாத்தானே பேசினாங்க" என்று சொல்லும் உடன்பிறப்புகள் மேல்தான். பத்து நிமிடம் நலம் விசாரிக்கும் பேச்சு பழக்கத்தில் தானாக வரும். நோய் தெரிவது ராத்திரி இரண்டு மணிக்கு. கருத்துச் சொல்வதற்கு முன்னால் இரண்டு ராத்திரி வந்து தங்குங்கள். அம்மா எழுந்தால் நீங்கள் எழுந்திருங்கள். பார்த்துக்கொள்பவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும்.