ஷாக்கிள்டன் எந்த வகைத் தலைவர்?

அதிகாரம் செலுத்துபவர், கலந்து பேசுபவர், பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைப்பவர் என்று தலைவர்களை மூன்றாகப் பிரிக்கும் ஒரு கட்டுரையைப் படித்தேன். ஒரே ஆள் மூன்றாகவும் இருக்க முடியும் என்பதை அது சொல்லியிருக்கலாம்.

அண்டார்டிகா போன எர்னஸ்ட் ஷாக்கிள்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1915-ல் அவருடைய எண்டூரன்ஸ் கப்பல் பனியில் நொறுங்கி மூழ்கியது. 28 பேரும் கடல்பனி மேல் கூடாரம் போட்டார்கள். கதகதப்பான தோல் படுக்கைப் பைகள் எல்லோருக்கும் போதவில்லை. அவை சாதாரண மாலுமிகளுக்குப் போயின. ஷாக்கிள்டனும் அதிகாரிகளும் கம்பளிப் பைகளில் படுத்தார்கள். அப்படிப்பட்டவர் சொன்னால் யார்தான் கேட்க மாட்டார்கள்?

ஆனாலும் ஒருவர் கேட்கவில்லை. பனியில் படகுகளை இழுத்துப் போக முடியாது என்று தச்சர் மெக்நிஷ் மறுத்தார். அப்போது ஷாக்கிள்டன் கப்பல் ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டிக் கறாராக நின்றார். அப்புறம் எல்லோரும் எலிஃபண்ட் தீவை அடைந்து, அங்கிருந்து உதவி தேடி ஜேம்ஸ் கெயர்ட் என்ற சின்னப் படகில் ஆறு பேர் கிளம்பியபோது மெக்நிஷையும் தன்னோடே கூட்டிப் போனார். வேலை தெரிந்தவர் என்பது ஒரு காரணம். முணுமுணுப்பவரைத் தீவில் விட்டால் மற்றவர்கள் மனமும் உடைந்துவிடும், எனக்கு இதுதான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

எலிஃபண்ட் தீவில் மிஞ்சிய 22 பேரை ஃபிராங்க் வைல்டிடம் முழுசாக ஒப்படைத்தார். "இன்று தலைவர் வரலாம், மூட்டையைக் கட்டுங்கள்" என்று வைல்ட் காலையில் சொல்வாராம். நான்கு மாதத்துக்கு மேல் காத்திருந்து, 1916 ஆகஸ்ட் 30 அன்று 22 பேரும் உயிரோடு மீண்டார்கள்.

மெக்நிஷுக்குத் துருவப் பதக்கம் கிடைக்காமல் ஷாக்கிள்டன் செய்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஜேம்ஸ் கெயர்ட் படகின் பக்கங்களை உயர்த்தி, மேலே மூடி அமைத்துக் கடலுக்குத் தயார் செய்தவர் அவர்தான்.