கொசுவுக்கு அட்வான்ஸ் கிடையாது

ஓனர்: ஏம்மா ஹரிணி, மொட்டை மாடியில் நோட்டும் பேனாவுமாக என்ன செய்கிறாய்?

ஹரிணி: கணக்கெடுக்கிறேன் அங்கிள். இங்கே மொத்தம் எத்தனை திறந்து கிடக்கிறது?

ஓனர்: எதுவும் திறந்து கிடக்கவில்லையே. அந்த ரூம் பூட்டித்தான் இருக்கிறது. முதலில் அது ரூமே இல்லை, தகர ஷெட். வரிக்கு அளக்க வந்தவரிடமும் இதைத்தான் சொன்னேன்.

ஹரிணி: ஷெட்டுக்கு உள்ளே இருப்பது வேண்டாம். மேலே இருப்பதுதான் வேண்டும்.

ஓனர்: மேலே எதுவும் கட்டவில்லை! கம்பி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கேட்கிறாயா? அது காக்கா உட்காரட்டும் என்று விட்டது.

ஹரிணி: கம்பி இல்லை அங்கிள், பேனர். கூரை ஒழுகக்கூடாது என்று பழைய தேர்தல் பேனரை விரித்திருக்கிறீர்களே, அது நடுவில் தொய்ந்து மழைத்தண்ணீர் நிற்கிறது. தலைவர் கன்னத்தில் ஒரு குளம். எட்டிப் பாருங்கள், நெளிகிறது.

ஓனர்: எந்தத் தலைவர்?

ஹரிணி: கொசுப்புழு கட்சி பார்க்காது அங்கிள்.

ஓனர்: கொசுவா? அட, கொசுக் கணக்கா எடுக்கிறாய்? அதை முதலிலேயே சொல்ல வேண்டாமா, வயிற்றைக் கலக்கிவிட்டாயே. கொசு என்றால் எதிர் வீட்டுச் சாக்கடை. எழுதிக்கொள். இங்கே ஒன்றும் இல்லை, கீழே போ.

ஹரிணி: எதிர் வீட்டுக்கும் போனேன். அந்த அங்கிள் உங்கள் வீட்டுச் சாக்கடை என்கிறார்.

ஓனர்: அவன் சொல்வான். என் கூடப் பிறந்தவன்தானே. சரி, இந்தக் காகிதம் யாரிடம் போகும்?

ஹரிணி: அறிவியல் மிஸ்ஸிடம். வீட்டுப்பாடம். 'உன் வீட்டிலும் சுற்றுப்புறத்திலும் ஏடிஸ் கொசு உற்பத்தியாகும் இடங்களைக் கண்டறிந்து பட்டியலிடுக.' பத்து மார்க்.

ஓனர்: மிஸ்ஸின் வீட்டுக்காரர் கார்ப்பரேஷனில் வேலை பார்க்கிறாரா?

ஹரிணி: தெரியாது அங்கிள்.

ஓனர்: தெரியாது என்கிறாய். அப்படியென்றால் பார்க்கிறார். பத்து மார்க்குக்கு எந்தப் பிள்ளையாவது வெயிலில் மாடி ஏறுமா? என் பையனெல்லாம் வீட்டுப்பாடத்தை உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடுவான்.

ஹரிணி: அவன்தான் அங்கிள் எங்கள் வகுப்பு லீடர். அவன் பட்டியலும் முடிந்துவிட்டது. 'எங்கள் வீட்டில் கொசு இல்லை, எதிர் வீட்டுச் சாக்கடையில் உள்ளது' என்று ஒரே வரி.

ஓனர்: பார், புத்திசாலிப் பிள்ளை.

ஹரிணி: அதில் ஒரு சிக்கல். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் சாக்கடையில் வளர்வதில்லை. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். தொட்டி, டிரம், டயர், பூந்தொட்டித் தட்டு. சாக்கடையில் வளர்வது கியூலெக்ஸ். அது யானைக்கால் நோயைப் பரப்பும்.

ஓனர்: யானைக்காலா! எதிர் வீட்டில் யானைக்கால்! எழுது, பெரிய எழுத்தில் எழுது.

ஹரிணி: கேள்வி ஏடிஸைப் பற்றி அங்கிள். இந்த டயர் யாருடையது?

ஓனர்: என்னுடைய முதல் கார். வண்டியை விற்கும்போது மனசு கேட்கவில்லை, ஒரு டயரை மட்டும் வைத்துக்கொண்டேன். ஞாபகார்த்தம்.

ஹரிணி: உள்ளே ஒரு குடம் தண்ணீர் நிற்கிறது. டயரைச் சாய்த்தாலும் வளைவுக்குள் கொஞ்சம் தங்கிவிடும், நிழலாகவும் இருக்கும். ஏடிஸுக்கு இதைவிட வசதியான போர்ஷன் கிடையாது. அட்வான்ஸும் கேட்க மாட்டீர்கள்.

ஓனர்: தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது. வெயிலில் காய்ந்துவிடும்.

ஹரிணி: தண்ணீர் காயும், முட்டை காயாது. அது முட்டையைத் தண்ணீரில் போடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, சுவரில் ஒட்டி வைக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழைக்குப் பொரியும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும். அந்த ஆட்டுக்கல் யாருடையது?

ஓனர்: அம்மாவுடையது. எப்படித் தூக்கிப் போடுவது?

ஹரிணி: போட வேண்டாம், குழியில் ஒரு கை மணல் போடுங்கள். பூந்தொட்டித் தட்டு நான்கு. காக்காவுக்குத் தண்ணீர் வைத்த சட்டி ஒன்று. எப்போது மாற்றினீர்கள்?

ஓனர்: காக்கா குடிக்கக் குடிக்க ஊற்றுகிறேன்.

ஹரிணி: ஊற்றுகிறீர்கள், கழுவுவதில்லை. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை கவிழ்த்துக் கழுவினாலே கணக்கு முடிந்தது. கீழே உங்கள் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கிறதா?

ஓனர்: ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தட்டா? யார் வைத்தது?

ஹரிணி: கம்பெனிக்காரர்கள். ஐஸ் உருகும் தண்ணீர் அதில்தான் சேரும். சில மாடல்களில் பின்னால் இருக்கும்.

ஓனர்: வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது, இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கும் சேர்த்தா காசு வாங்கினான்?

ஹரிணி: அதையும் எழுதிக்கொள்கிறேன்.

ஓனர்: எழுதாதே! கேட்டுக்கொண்டேதான் இருந்தேன், அதற்குள் எழுதிவிடுகிறாய். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் யாருக்கு என்ன வந்தது?

ஹரிணி: உங்களுக்கு 2006-இல் சிக்குன்குனியா வந்தது. ஆன்ட்டி சொன்னார்கள்.

ஓனர்: ஊருக்கே வந்தது. இன்னும் குளிர் காலத்தில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது.

ஹரிணி: அதையும் பரப்பியது இதே ஏடிஸ்தான். சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காது. கடித்தது பெரும்பாலும் நீங்களே வளர்த்ததாக இருக்கும்.

ஓனர்: அல்லது எதிர் வீட்டுச் சாக்கடை.

ஹரிணி: அங்கிள்.

ஓனர்: சரி, சரி. நானும் ஒன்று கேட்கட்டுமா? பெண் கொசு மட்டும்தான் கடிக்குமாமே? நான் அப்போதே நினைத்தேன். (சிரித்தார். தனியாகத்தான்.)

ஹரிணி: முட்டை வளர ரத்தத்தில் உள்ள புரதம் வேண்டும், அதனால் கடிக்கிறது. ஆண் கொசு பூவில் தேன் குடித்துவிட்டு நாள் முழுக்கச் சும்மா சுற்றும். வீட்டில் என்ன நடக்கிறது, எங்கே என்ன தட்டு இருக்கிறது, எதுவும் தெரியாது.

ஓனர்: இதுவும் பாடத்தில் இருக்கிறதா?

ஹரிணி: பாதி.

ஓனர்: நான் கொசுவத்தி வைக்கிறேன், நிலவேம்புக் கஷாயம் குடிக்கிறேன், எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஹரிணி: கொசுவத்தி ராத்திரி வைக்கிறீர்கள். ஏடிஸ் பகலில் கடிக்கும். காலையில் ஒரு ஷிஃப்ட், சாயங்காலம் ஒரு ஷிஃப்ட். கஷாயம் நீங்கள்தான் குடிக்கிறீர்கள், டயரில் இருக்கிற புழு குடிக்கவில்லை.

ஓனர்: வண்டியில் வந்து புகை அடிக்கிறார்களே, அது எதற்கு?

ஹரிணி: பறக்கிற கொசுவுக்கு. புழுவுக்கு அது தீபாவளிப் புகை. போன தடவை புகை வண்டி வந்தபோது நீங்கள் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டீர்கள். ஏடிஸ் உங்கள் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். அதுவும் உங்களோடு சேர்ந்து தப்பித்தது.

ஓனர்: கார்ப்பரேஷன் என்ற பேச்சையே எடுக்காதே. வேலையே செய்வதில்லை. யாராவது வந்து பார்க்கிறார்களா?

ஹரிணி: வந்தார்களே. போன செவ்வாய்க்கிழமை. டார்ச்சும் மருந்து பாட்டிலும் வைத்துக்கொண்டு ஒரு அக்கா கேட்டில் நின்றார். அந்த மருந்தைத் தொட்டியில் அளந்து ஊற்றினால் புழு செத்துவிடும். நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னீர்கள். என்னிடம்தான் சொன்னீர்கள்.

ஓனர்: தெரியாத ஆளை எப்படி உள்ளே விடுவது?

ஹரிணி: அடையாள அட்டை போட்டிருந்தார். 'நாய் ஜாக்கிரதை' போர்டைப் பார்த்துவிட்டு, நாயைக் கட்டிவிட்டீர்களா என்று கேட்டார். நாயே கிடையாது அக்கா என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெயிலில் தெருவில் பாதி வீடு அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. சாயங்காலம் அந்தப் பாதி வீடும் டீக்கடையில் நின்று, கார்ப்பரேஷன் என்ன செய்கிறது என்று கேட்டது.

ஓனர்: …

ஹரிணி: 1939-இலேயே மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசுவுக்கென்று தனி அத்தியாயம் போட்டிருக்கிறார்களாம். கொசு வளரும்படி தண்ணீர் தேங்கவிடக் கூடாது என்று. சமூக அறிவியல் சார் சொன்னார்.

ஓனர்: ஆக, இரண்டு வாத்தியார் சேர்ந்திருக்கிறார்கள். இது வீட்டுப்பாடமே இல்லை. சரி, கேட்கிறேன், உங்கள் பள்ளிக்கூடத்தில் கொசு இல்லையா? அங்கே போய்க் கணக்கெடு.

ஹரிணி: எடுத்தேன் அங்கிள். அறிவியல் கண்காட்சிக்கு வைத்த மணி பிளான்ட் பாட்டில்களில் புழு. பாத்ரூமில் குழாய் வராது, அதனால் டிரம்மில் பிடித்து வைப்பார்கள், அதிலும் புழு. எல்லாம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வால் பக்கக் குழாயால் மூச்சு விடுகின்றன. பரீட்சைக்குப் படம் வரையச் சொன்னார்களே, அச்சு அசல் அப்படியே. மிஸ்ஸைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

ஓனர்: என்ன சொன்னார்?

ஹரிணி: கேள்வியை ஒழுங்காகப் படி, 'உன் வீட்டில்' என்றுதான் இருக்கிறது என்றார்.

ஓனர்: நல்ல டீச்சர். (குரலில் தெம்பு வந்தது.) அப்படியென்றால் உன் வீட்டைப் பார்ப்போம். என் வீட்டில் உனக்கென்ன வேலை? உங்கள் போர்ஷன் வாசலில் நீல டிரம் மூன்று நிற்கிறதே, அதை எழுதினாயா?

ஹரிணி: முதல் வரியே அதுதான்.

ஓனர்: அப்படிப் போடு! குடித்தனக்காரர்கள் டிரம்மில் கொசு வளர்ப்பார்களாம், பழி ஓனர் தலையில்.

ஹரிணி: பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில்தான் உங்கள் பெயர் வருகிறது.

ஓனர்: என் பெயரா? நான் லைனில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுவதில்லை!

ஹரிணி: நான் அதைக் கேட்கவே இல்லை அங்கிள்.

ஓனர்: கேட்டால் சொல்வதற்காகச் சொன்னேன்.

ஹரிணி: காலையில் இருபது நிமிடம் மேல் தொட்டிக்கு மோட்டார் போடுகிறீர்கள். எட்டு மணிக்குத் தண்ணீர் நின்றுவிடும். அப்புறம் மறுநாள் காலைதான். அம்மா குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் பிடித்துத்தான் வைக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வந்தால் டிரம் எதற்கு? அதனால் இப்படி எழுதியிருக்கிறேன்: 'இடம், டிரம். காரணம், வீட்டு உரிமையாளரின் இருபது நிமிடம்.'

ஓனர்: கரண்ட் பில் யார் கட்டுவது?

ஹரிணி: நாங்கள். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறீர்கள், மோட்டாருக்குத் தனியாக நூறு ரூபாய்.

ஓனர்: உன் அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாரா?

ஹரிணி: அப்பா எதுவும் சொல்ல மாட்டார். உங்களைப் பார்த்தாலே எழுந்து நிற்பார்.

ஓனர்: அது மரியாதை. அந்தக் காலத்துப் படிப்பு. உங்கள் படிப்பில் மரியாதை உண்டா?

ஹரிணி: ரொனால்டு ராஸ் உண்டு அங்கிள். மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றுக்குள் கண்டுபிடித்தவர். 1897 ஆகஸ்ட் 20, செகந்திராபாத்தில். 1902-இல் நோபல் பரிசு வாங்கினார்.

ஓனர்: அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

ஹரிணி: ஆராய்ச்சிக்காக உசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசுவிடம் கடி வாங்கச் சொன்னார். ஒரு கொசுவுக்கு ஓரணா கொடுத்தார். நாங்கள் மாதா மாதம் வாடகை கொடுத்துக் கடி வாங்குகிறோம்.

ஓனர்: … இதுவும் பாதிதான் பாடத்தில் இருக்கிறதா?

ஹரிணி: ராஸ் பாடத்தில். வாடகை வீட்டில்.

ஓனர்: சரிம்மா, பேசி முடிப்போம். எழுதாமல் இருக்க என்ன வேண்டும்? பெரிய சாக்லேட்?

ஹரிணி: மேல் தொட்டிக்கு ஒரு மூடி. இப்போது அட்டைப்பெட்டியைப் போட்டு மேலே செங்கல் வைத்திருக்கிறீர்கள். அட்டை நனைந்து உள்ளே விழுந்துவிட்டது. செங்கலும்.

ஓனர்: செங்கல் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

ஹரிணி: அப்புறம், சாயங்காலமும் ஒரு தடவை மோட்டார்.

ஓனர்: இரண்டு தடவையா? நீ கணக்கெடுக்க வந்தாயா, போராட்டம் நடத்த வந்தாயா? இதற்குத்தான் படிக்கிற பிள்ளை இருக்கிற குடும்பத்துக்கு வீடு விடாதே என்று என் தம்பி சொன்னான்.

ஹரிணி: எதிர் வீட்டுச் சாக்கடை அங்கிளா?

ஓனர்: அவன்தான். அந்த ஒரு விஷயத்தில் சரியாகச் சொன்னான். உன் அப்பாவிடம் போய்ச் சொல், அடுத்த மாதத்திலிருந்து வாடகை ஐந்நூறு ரூபாய் கூட.

ஹரிணி: ஒரு நிமிடம் அங்கிள், பேனா எழுத மாட்டேன் என்கிறது… ம், சரி. 'மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கை' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. 'கொசு உற்பத்தியாகும் இடங்கள் வீட்டு உரிமையாளரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டன. உடனே வாடகை உயர்த்தப்பட்டது.' ஒற்றெழுத்து எங்காவது விட்டிருக்கிறேனா பாருங்கள் அங்கிள், மிஸ் அதற்கு மட்டும்தான் மார்க் குறைப்பார்.