சுண்டைக்காய் கால் பணம், ஐரோப்பிய ஹாஸ்டல் முக்கால் பணம்

ஐரோப்பாவுக்குப் போனால் ஹாஸ்டலில், அதாவது பல பேர் படுக்கிற அறையில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுக்கிற பயணியர் விடுதியில், தங்கு, செலவு பாதியாகக் குறையும் என்று இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சொல்பவர்கள் கடைசியாக எந்த வருஷம் போனார்களோ தெரியவில்லை. இன்றைக்கு அங்கே மலிவாக இருப்பது ஒன்றே ஒன்றுதான், முன்பதிவு செய்யும்போது போன் திரையில் தெரிகிற அந்த எண். அதை நம்பி பட்ஜெட் போட்டுக் கிளம்பினால், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரிசப்ஷன் மேஜை முன்னால் போய் நிற்கும்போதுதான் மிச்சக் கணக்கு ஒவ்வொன்றாக வெளியே வரும்.

முதலில் வரி. ஆம்ஸ்டர்டாமில் சுற்றுலா வரி 2024-லிருந்து 12.5 சதவீதம். பெர்லினில் 5 சதவீதமாக இருந்ததை 2025 ஜனவரியில் 7.5 ஆக்கிவிட்டார்கள். செக் நாட்டுத் தலைநகர் பிராகில் ஆளுக்கு ஒரு இரவுக்கு அந்த ஊர்க் காசில் 50 கொருனா. வரி போடுவது அந்த நகரத்தின் உரிமை. விடியற்காலை நாலு மணிக்கு கல் பாவிய தெருவில் நாம் உருட்டிக்கொண்டு போகிற பெட்டிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அங்கே குடியிருப்பவர்களுக்கும் வெறுத்துப் போயிருக்கும், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் கட்டாயம் கட்டியே ஆக வேண்டிய ஒரு காசை முதலில் காட்டுகிற விலையில் சேர்க்காமல், "வந்த பிறகு செலுத்த வேண்டும்" என்று பொடி எழுத்தில் கீழே ஒளித்து வைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது. விமான டிக்கெட் விஷயத்தில் இதே தில்லுமுல்லு நடந்தபோது, தவிர்க்க முடியாத கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விலையைக் காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2008-லேயே விதி போட்டது. ஆகாயத்தில் இரண்டு மணி நேரம் உட்காருகிறவனுக்கு இருக்கிற அந்த மரியாதை, தரையில் எட்டு மணி நேரம் படுக்கிறவனுக்கு நடைமுறையில் கிடைப்பதில்லை.

சரி, வரியைக் கட்டியாயிற்று. அடுத்து துண்டு. 4 யூரோ வாடகை. வாடகை! நம் கையோடு வரப்போவதில்லை, காலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தத் துண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது சாம்பலும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் ஒரு நிறம், நடுவில் நூல் பிரிந்து எதிர்ப்பக்கச் சுவர் தெரிகிறது, இடுப்பில் சுற்றினால் முனையும் முனையும் சந்திக்க மாட்டேன் என்கின்றன. பொதுக் குளியலறையிலிருந்து அறைக்கு நடைபாதை வழியாக வர வேண்டும் என்பதை வைத்து மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். இதற்கு 4 யூரோ, கூடவே திருப்பிக் கொடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும் என்று 5 யூரோ முன்பணம். அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடிவிடுவோம் என்று பயப்படுகிறார்கள் போலிருக்கிறது.

பிறகு பூட்டு. லாக்கர் இலவசம் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், பூட்டு இருக்காது. ரிசப்ஷனில் விற்பார்கள், ஹாஸ்டல் பெயர் பொறித்தது, 6 யூரோ. நீங்கள் ஊரிலிருந்தே பூட்டு கொண்டு போயிருந்தால் அது லாக்கரின் வளையத்தில் நுழையாது, நான் தங்கிய பெர்லின் ஹாஸ்டல் ஒன்றில் நுழையவில்லை, வளையம் அவ்வளவு சிறியது, அவர்கள் விற்கிற பூட்டு மட்டும் அளவெடுத்துச் செய்ததுபோல உள்ளே போகிறது. தற்செயல்தான் என்று நம்ப முயற்சி செய்து பார்த்தேன், முடியவில்லை.

செக்-இன் மதியம் 3 மணிக்கு, செக்-அவுட் காலை 10-க்கு. காசு மிச்சம் பிடிக்க இரவு பஸ்ஸில் பயணம் செய்தவன் காலை 6-க்கே வந்து நிற்பான், சாயங்கால ரயிலைப் பிடிப்பவன் 10 மணிக்கு வெளியே தள்ளப்பட்ட பிறகும் பகல் முழுக்க ஊரில்தான் இருப்பான். பேக்பேக் போட்டுக்கொண்டு சுற்றுகிறவன் பிழைப்பே இந்த இரண்டு வேளைகளில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் மூட்டையை ஒரு மூலையில் போட்டுவிட்டுப் போகிறேன் என்றால், முன்பெல்லாம் "அங்கே வை" என்று கையைக் காட்டுவார்கள். இப்போது நடைபாதையில் மின்னணு லாக்கர் வரிசை நிற்கிறது, கார்டைத் தேய்த்தால்தான் திறக்கும், நாலு மணி நேரத்துக்கு இவ்வளவு, எட்டு மணி நேரத்துக்கு இவ்வளவு. அவர்கள் வீட்டில் நேற்று ராத்திரி தூங்கியவன் நான், என் பைக்கு இன்றைக்கு வாடகை கேட்கிறார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்கவே முடியாதது சமையலறை விஷயம்.

ஹாஸ்டல் என்றால் ஒரு சமையலறை இருக்கும். பெரிய மேஜை ஒன்று, நாலு அடுப்பு, கைப்பிடி ஆடுகிற வாணலி, போனவர்கள் விட்டுப்போன பாஸ்தா, உப்பு, பாதிப் பாட்டில் எண்ணெய் எல்லாம் "யாரும் எடுக்கலாம்" என்று எழுதின அலமாரியில் கிடக்கும். வியன்னாவில் பழைய மாதிரி ஹாஸ்டல் ஒன்றில் இன்னும் அப்படி இருக்கிறது. துருக்கிக் கடையில் துவரம்பருப்பு கிடைக்கவில்லை, சிவப்பு மசூர் பருப்புதான் கிடைத்தது, அரிசியோடு சேர்த்து வேகவைத்து மேலே கொஞ்சம் சீரகம் தாளித்தேன். பக்கத்து அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த பிரேசில்காரப் பெண் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், பதிலுக்குப் பாதி ரொட்டி கொடுத்தாள், மறுநாள் எந்த டிராமில் ஏறினால் எங்கே இறங்கலாம் என்பதும் அந்த மேஜையில்தான் தெரிந்தது. எனக்கான செலவு 2 யூரோகூட இருக்காது. சைவம் சாப்பிடுகிறவனுக்கு அந்த அடுப்பு இல்லையென்றால் மூன்று வேளையும் சீஸ் வைத்த ரொட்டிதான்.

புதிதாகத் திறக்கிற ஹாஸ்டல்களில் பலவற்றில் அந்தச் சமையலறையைத்தான் முதலில் தூக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில் பார். நியான் விளக்கில் ஏதோ வாசகம், காலில்லாத தொங்கு நாற்காலி, 14 யூரோவுக்கு பர்கர், 12 யூரோவுக்குக் காலை உணவு. கேட்டால் "விருந்தினர் சமையலறை உண்டு" என்று கூட்டிப்போய்க் காட்டுவார்கள்: ஒரு மைக்ரோவேவ், ஒரு கெண்டி, மூன்று முள்கரண்டி, கத்தி கிடையாது. சுவரில் அறிவிப்பு, மணம் அதிகமுள்ள உணவைச் சூடுபடுத்த வேண்டாம் என்று. அதாவது என்னைப் பார்த்து எழுதியது. பார் பக்கத்திலிருந்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் வருகிற பீர் நாற்றம் மணக் கணக்கில் வராதாம்.

ஜெர்மனியில் இதில் இன்னொரு இக்கட்டு. ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் எல்லாம் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கிற கடைகள் மாதிரி சிலதுதான் திறந்திருக்கும், அங்கே வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். சனிக்கிழமையே வாங்கி வைக்கலாம் என்றால் ஃபிரிட்ஜ் இல்லை. கீழே பார் மட்டும் ஏழு நாளும் திறந்திருக்கிறது. கணக்கு எப்படிப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள்!

அறையில் கூடப் படுக்கிறவர்களைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத ஒன்றுமில்லை. குறட்டை விடுகிறவன் வேண்டுமென்றா விடுகிறான்? காலை நாலு மணிக்கு ஒருத்தர் பாலித்தீன் பையை அரை மணி நேரம் கசக்குவார், ஒருத்தர் அலாரத்தை ஆறு முறை தள்ளிப்போடுவார், பத்துப் பேரை ஓர் அறையில் போட்டால் நடப்பதுதான். ஆனால் கட்டிலுக்குத் திரைச்சீலையும் பிளக் பாயிண்ட்டும் இருக்கிற அறை "பிரீமியம்" என்று ஒரு படி கூடுதல் விலையில் இருக்கிறது, சாதாரண அறையில் பத்துப் பேருக்கு மூன்று பிளக் பாயிண்ட், அதுவும் ஜன்னல் பக்கம். அந்தப் பாலித்தீன் சத்தத்தைக்கூடக் காசாக்கிவிட்டார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு முன்னாலேயே ஒரு சுற்று இருக்கிறது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒன்றாகக் கொடுக்கிற ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ, 2024 ஜூனில் 80-லிருந்து ஏற்றினார்கள், விசா மறுத்தாலும் திரும்பாது. அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, அப்புறம் ஒவ்வொரு இரவும் எங்கே படுக்கப் போகிறோம் என்பதற்கு ஆதாரம். விசா கிடைக்குமா என்றே தெரியாதபோது ரத்து செய்ய முடியாத மலிவு விலையில் எவன் முன்பதிவு செய்வான்? ரத்து செய்யக்கூடிய விலைதான் எடுக்க வேண்டும், அது எப்போதும் கூடுதல். ஆக, திரையில் பளிச்சென்று தெரிகிற அந்தக் குறைந்த எண் இந்த விசா தேவைப்படாத ஆஸ்திரேலியாக்காரனுக்கும் அமெரிக்காக்காரனுக்கும் போட்டது. அவன் நாளைக்கு எந்த ஊர் என்று இன்றைக்கு ராத்திரி பாரில் உட்கார்ந்து முடிவு செய்வான், நாம் மூன்று மாதத்துக்கு முன்பே கட்டில் எண் வரைக்கும் காகிதத்தில் காட்ட வேண்டும்.

இந்த ஹாஸ்டல் என்கிற ஏற்பாட்டை ஆரம்பித்தவர் ரிச்சர்ட் ஷிர்மான் என்று ஒரு ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர். பிள்ளைகளை வெகுதூரம் நடைப்பயணம் கூட்டிக்கொண்டு போவார், ராத்திரி படுக்க இடம் கிடைக்காது, விடுமுறையில் சும்மா கிடக்கிற பள்ளிக்கூட வகுப்பறைகளைத் திறந்துவிட்டால் என்ன என்று யோசித்தார். மேஜைகளை ஓரமாக அடுக்கிவிட்டு, வைக்கோல் திணித்த மெத்தை, தலையணை, இரண்டு விரிப்பு, ஒரு கம்பளி, இவ்வளவுதான் திட்டம், அவரவர் படுக்கும் இடத்தை அவரவரே சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். 1912-ல் அல்டெனா ஊர்க் கோட்டைக்குள் நிரந்தரமான இளைஞர் விடுதி வந்தது, அந்தப் பழைய அறைகளை இன்றைக்கும் அருங்காட்சியகமாகப் பார்க்கலாம். அந்த மனிதர் வைக்கோல் மெத்தை போட்ட காலத்திலேயே விரிப்பைக் கணக்கில் சேர்த்திருக்கிறார். நூறு வருஷம் கழித்து சில இடங்களில் விரிப்புக்கு 3 யூரோ கேட்கிறார்கள், சொந்தமாக ஸ்லீப்பிங் பேக் கொண்டுவந்தால் அதை விரிக்கவும் தடை. மூட்டைப்பூச்சி பயமாம். நியாயமான பயம்தான், 2023-ல் பாரிஸ் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தோம். தடை போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் நீங்களே கட்டாயமாக்கின விரிப்புக்கு எதற்குத் தனி பில்?

"துண்டு கொண்டு போக வேண்டியதுதானே, யார் வேண்டாம் என்றது" என்று ஒரு கூட்டம் வரும், தெரியும். கொண்டுதான் போகிறேன், மைக்ரோஃபைபர் துண்டு, ராத்திரிக்குள் காயும் என்று சொல்லி விற்றது. பத்துப் பேர் மூச்சு விடுகிற, ஜன்னல் நாலு விரல் அகலத்துக்கு மேல் திறக்காத அறையில் அது எங்கே காயும்? ஈரத் துண்டைப் பையில் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊர் போனால் பையில் இருக்கிற அத்தனை துணியும் நாறும். வாடகை, மின்சாரம், சம்பளம் எல்லாம் ஏறிவிட்டது என்று ஹாஸ்டல்காரர்கள் சொல்வதும் உண்மைதான். ஏற்றுங்கள். கட்டில் 55 யூரோ, எல்லாம் உள்ளடக்கம் என்று ஒரே விலை போடுங்கள், கட்டுப்படியாகிறவன் வருவான், ஆகாதவன் இரண்டு பேராகச் சேர்ந்து ஊருக்கு வெளியே சின்ன விடுதியில் அறை எடுப்பான், நிறைய ஊர்களில் அதுவே இப்போது தலைக்கு மலிவு. அதைத் தெரிந்துகொள்ளக்கூட விடாமல் விலையைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

ரோமில் தெருவுக்குத் தெரு நசோனி என்று இரும்புக் குழாய் நிற்கிறது, ஊர் முழுக்க ஏறக்குறைய 2,500, இரவு பகலாகக் குளிர்ந்த நல்ல தண்ணீர், யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். பாரிஸில் தெருவோரத் தானியங்கிக் கழிப்பறைகள் 2006-லிருந்து இலவசம். தெருவில் நிற்கிறவனுக்குக் கிடைக்கிற இந்த உபசாரம் காசு கொடுத்து உள்ளே போனவனுக்குக் கிடையாது, அறையில் ஒரு டம்ளர்கூட வைக்க மாட்டார்கள், பக்கத்திலேயே 3 யூரோ தண்ணீர்ப் பாட்டில் இயந்திரம் மட்டும் இருபத்திநாலு மணி நேரமும் வெளிச்சம் போட்டுக்கொண்டு நிற்கும்.

அந்த பெர்லின் ஹாஸ்டலை விட்டுக் கிளம்பின மறுநாள், அனுபவம் எப்படி இருந்தது என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். துண்டு, பூட்டு, பைக்கு வாடகை, மைக்ரோவேவ் எல்லாவற்றையும் விலையோடு எழுதி அனுப்பினேன். ரொம்ப வருத்தப்பட்டுப் பதில் போட்டார்கள், கூடவே அடுத்த முறைக்கு 10 சதவீதத் தள்ளுபடி. கீழே பொடி எழுத்தில்: கட்டில் விலைக்கு மட்டும், வார இறுதிக்குப் பொருந்தாது, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பொருந்தாது, ரத்து செய்ய முடியாத முன்பதிவுக்கு மட்டுமே செல்லும்.