வலது காலை ஊன்றியது நான்தான்

நம் மதுரை சைக்கிள் குழுவின் ஞாயிற்றுக்கிழமை ரைடு வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பி 'இது நீங்களா அண்ணே' என்று கேட்டும் விட்டீர்கள். ஆமாம், நான்தான். மூன்றுமாவடி சிக்னலில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, இடது கால் பெடலில் இருக்க, வலது காலை ஊன்றி நிற்பவன் நான்தான். எடுத்த தம்பி மேலே எழுதியிருந்ததையும் படித்தேன். 'கால் ஊன்றவே தெரியாதவங்களை எல்லாம் ரைடுக்குச் சேர்த்தா இப்படித்தான்.' சைக்கிளை நிறுத்தினால் இடது காலைத்தான் ஊன்ற வேண்டுமாம், நான் வலது காலை ஊன்றிவிட்டேனாம். அந்த வரிக்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அதில் என் வீட்டில் சாப்பிட்டவர்கள் இரண்டு பேர் உண்டு.

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். நாற்பது வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறவன், இதற்கெல்லாம் பதில் எழுத வேண்டுமா என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வரி விடவில்லை. பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாகிவிடும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒருவர் எந்தக் காலை ஊன்றுகிறார் என்பதற்கு ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு அரை நிமிடம் ஆகுமா? அந்த சிக்னலில் நாம் நின்றது அதைவிட அதிக நேரம்.

முதலில் அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அழகர்கோவிலில் இருந்து திரும்பி வருகிறோம். நீங்கள் எல்லோரும் நேராகப் புதூர், தல்லாகுளம் என்று போகிறவர்கள். நான் ஐயர் பங்களா பக்கம் போக வேண்டியவன், மூன்றுமாவடியில் வலது பக்கம் திரும்ப வேண்டும். வலது பக்கம் திரும்புகிறவன் சாலையின் இடது ஓரத்தில் போய் நிற்க முடியாது. நடுவில், சென்டர் மீடியனை ஒட்டித்தான் நிற்க வேண்டும். என் வலது பக்கத்தில் மீடியனின் சிமெண்ட் கட்டை இருந்தது. அதன்மேல் காலை வைத்தேன். வீடியோ இடது பக்கத்தில் இருந்து எடுத்தது, அதனால் கட்டை தெரியவில்லை. வண்டி வலது பக்கம் சாய்ந்திருப்பது மட்டும்தான் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் என் இடது பக்கம் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. நீங்கள் சொல்கிற மாதிரி இடது காலை ஊன்றியிருந்தால் அந்தப் பஸ்ஸின் பக்கம் சாய்ந்து நின்றிருப்பேன். அது வீடியோவில் இல்லை.

இடது காலை ஊன்றுவது தப்பு என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. நம் ஊரில் பெரும்பாலான நேரம் அதுதான் சரி, இதை நானே ஒத்துக்கொள்கிறேன். நாம் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம். ஓரமாக நிறுத்தினால் நடைபாதை இடது பக்கம், வண்டிகள் போவது வலது பக்கம். அப்போது வலது காலை ஊன்றினால் போகிற வண்டிகளின் பக்கம் சாய்கிறோம். ஆபத்துதான். அப்புறம் செயின். சைக்கிள் செயின் வலது பக்கம்தான் இருக்கும். பின்சக்கரத்தில் செயின் மாட்டுகிற பல்சக்கரம், அதாவது ஃப்ரீவீல், மரையில் திருகியிருக்கும்; மிதிக்க மிதிக்க இறுகிக்கொள்கிற மரை. செயினை வலது பக்கம் வைத்தால் சாதாரண மரையே அதற்குப் போதும்.   செயின் கவர் இல்லாத இப்போதைய வண்டிகளில் வலது காலை ஊன்றினால் கெண்டைக்கால் பல்சக்கரத்தில் பட்டு, கறுப்பாக ஒரு வரிசைப் புள்ளி விழும். எனக்கும் விழுந்திருக்கிறது.

பார் வைத்த பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்களுக்கோ இடது காலை விட்டால் வேறு வழியே இல்லை. வலது கால் பாருக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கப் பெடலில் மாட்டியிருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் இடது கால்தான் தரைக்கு வர முடியும். நானும் அப்படிப் பழகியவன்தான். மணிக்கு ஐம்பது பைசா வாடகை சைக்கிளில், வைகை மணலில் விழுந்து விழுந்து பழகினேன். அப்போது இடது காலைத்தான் ஊன்றினேன். வலது கால் வந்தது சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகு. அது எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆக, இடது கால் என்கிற விதிக்குக் காரணங்கள் இருக்கின்றன. காரணம் இருக்கிற இடத்தில் விதி இருக்கட்டும். காரணம் இல்லாத இடத்திலும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஒருவரைப் பார்த்துச் சிரிப்பானேன்?

'உலகம் முழுக்க இடது கால்தான்' என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலும் பிரான்சிலும் சாலையின் வலது பக்கம் ஓட்டுகிறார்கள். அங்கே ஓரத்துக் கட்டை வலது பக்கம் இருக்கும். கட்டையில் காலை வைத்து நிற்க நினைக்கிறவர் அங்கே எந்தக் காலை வைப்பார்? இது ஒரு நிமிடம் யோசித்தாலே தெரியும்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இடது காலை ஊன்றுவதற்குக் காரணம் வேறு. பின்பிரேக் வலது காலில் இருக்கிறது, அதை எடுக்க முடியாது. பழைய புல்லட்டில் இதுவே மாறி இருந்தது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். எங்கள் தெருவில் ஒரு மாமா அப்படி ஒரு புல்லட் வைத்திருந்தார். மேட்டில் நிறுத்தினால் இடது காலைப் பிரேக்கில் அழுத்திக்கொண்டு வலது காலைத்தான் ஊன்றுவார். அவரை யாரும் ஓட்டத் தெரியாதவர் என்று சொன்னதில்லை. தெருவே அவர் வண்டிச் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

நம் சாலைகளின் ஓரம் எப்படி இருக்கிறது என்பதும் இதில் சேர வேண்டாமா? சாலை நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரியும், மழைத்தண்ணீர் வடிவதற்கு. தார் மேல் தார் போட்டு, கடச்சனேந்தல் தாண்டினால் பல இடத்தில் தாருக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் வித்தியாசம். ஓரத்தில் நிறுத்தி இடது காலை நீட்டினால் தரை இருக்கும் என்று நினைத்த இடத்தில் இருக்காது. போன ஐப்பசி மழையில் நம் ரைடுக்கு வருகிற ஒரு டீச்சர் அப்படித்தான் விழுந்தார். தண்ணீர் தேங்கியிருந்தது, ஆழம் தெரியவில்லை, இடது காலை வைத்தார், வண்டியோடு சாய்ந்தார். மணிக்கட்டில் கட்டுப் போட்டு ஒரு மாதம் இருந்தார். விதிப்படி இடது கால்தான் வைத்தார். அவரிடம் போய் என்ன சொல்வீர்கள்?

எந்தக் கால் என்பதைவிட எப்படி இறங்குகிறோம் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சீட்டு சரியான உயரத்தில் இருந்தால், உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் படியாது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் போதும், அதுதான் உயரம். அப்படி இருக்கிற வண்டியை நிறுத்தும்போது சீட்டில் இருந்து முன்னால் நகர்ந்து பாருக்கு மேலே நின்றுகொண்டு ஒரு காலை ஊன்ற வேண்டும். இன்னொரு கால் இருக்கிற பெடலை, வண்டியை வலது பக்கம் இருந்து பார்த்தால் கடிகார முள் இரண்டு மணியில் நிற்கிற மாதிரி மேலே கொண்டுவந்து வைத்துக்கொண்டால் பச்சை விழுந்ததும் ஒரே மிதியில் கிளம்பலாம். பலமான கால் பெடலில் இருந்தால் கிளம்புவது சுலபம். பலமான கால் தரையில் இருந்தால் நிற்பது உறுதி. யாருக்கு எது தேவையோ அவரவர் பார்த்துக்கொள்வார்கள். நம் குழுவில் பாதிப் பேர் காலை எட்ட வைப்பதற்காகச் சீட்டை இறக்கி வைத்துக்கொண்டு, அப்புறம் முழங்கால் வலிக்கிறது என்கிறீர்கள்.

இனி, நான் எழுதுவதற்கு முன்பே வரப்போகிற பதில்கள் தெரியும்.

'பாதுகாப்புக்காகத்தானே அந்தப் பையன் சொன்னான்' என்பீர்கள். பாதுகாப்புக்காகச் சொல்கிறவன் பக்கத்தில் வந்து காதோடு சொல்வான். போனை எடுக்க மாட்டான். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

'அவ்வளவு பேர் இருக்கிற குழுவில் ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா' என்று அட்மின் கேட்டார். வேண்டும். ஓரமாக ஒருவர் பின் ஒருவராக நிற்கும்போது எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் நல்லதுதான், நானும் அப்போது இடது காலை ஊன்ற முயற்சி செய்கிறேன். எப்போதும் முடிவதில்லை. பழக்கம் அப்படி.

'வயதில் சின்னவன், விடுங்கண்ணே.' விடத்தான் நினைத்தேன். ஆனால் காலையில் அதே சாலையில் பாருங்கள். அப்பன்திருப்பதிப் பக்கம் இருந்து பால் கேனை இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு வருகிறவர் எந்தக் காலை ஊன்றுகிறார்? மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு வருகிறவர்? மூட்டை எந்தப் பக்கம் கனக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அவர் காலை வைக்கிறார். அவர்களை நாம் வேகமாகத் தாண்டிப் போகிறோம். வாரம் ஒரு நாள் ஓட்டுகிற நாம், தினமும் ஓட்டுகிறவர்களுக்குக் காலை ஊன்றத் தெரியவில்லை என்று சொல்கிற இடத்துக்கு வந்துவிட்டோமா? எனக்கு வருத்தம் இதில்தான். என்னைச் சொன்னதில் இல்லை.

இல்லை, என்னைச் சொன்னதிலும்தான். மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது.

என் வலது கால் என் அப்பாவிடம் இருந்து வந்தது. சின்ன வயதில் நான் உட்கார்ந்து போனது அவர் சைக்கிளின் முன்பாரில். செல்லூரில் இருந்து யானைக்கல் பாலம் வழியாக டவுனுக்குப் போவோம். எங்கே நிறுத்தினாலும் வலது கால்தான் இறங்கும். பாரில் குனிந்து உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்தக் கால்தான் கண்ணில் படும். சைக்கிள் நிறுத்துவது என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். தெருவில் மற்றவர்கள் எல்லாம் இடது பெடலில் ஒரு காலை வைத்து உந்தி ஓடி ஏறுவார்கள். அப்பா மட்டும் வண்டிக்கு வலது பக்கம் நின்று, அதைத் தன் பக்கம் சாய்த்து, இடது காலைத் தூக்கிப் போட்டு, நின்ற இடத்தில் இருந்தே கிளம்புவார். அதையும் நான் கேட்டதில்லை.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது அவர் செருப்பைத் தைக்கக் கொடுத்தேன். சிம்மக்கல்லில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருப்பார் ஒரு தாத்தா. இரண்டு செருப்பையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு இடது கால்ல ஏதும் அடியா தம்பி? வலது செருப்பு மட்டும் இப்படித் தேஞ்சிருக்கே" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

நான் பிறப்பதற்கு முன்னால், அப்பா வேலை பார்த்த மில்லில் நூல் பேல் சரிந்து அவர் இடது கணுக்காலில் விழுந்திருக்கிறது. எலும்பு சரியாகக் கூடவில்லை. கணுக்கால் மடங்காது. திடீரென்று எடை விழுந்தால் தாங்காது. நொண்டுவது தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, அவர் அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. நடந்தால்தான் தெரியும், சைக்கிளில் போனால் தெரியாது. அதனால்தான் தெருமுனைக் கடைக்கு வெற்றிலை வாங்கக்கூடச் சைக்கிளில் போவார். சோம்பேறித்தனம் என்று பாட்டி திட்டுவார். பாட்டிக்கும் சொல்லவில்லை. இடது பாதத்தை மடக்காமல் அப்படியே பெடலில் வைத்து அழுத்தி, வலது காலில் நின்று, வேலையில் இருந்து ஓய்வு பெறும் வரைக்கும் அந்த மில்லுக்குப் போய் வந்தார். 2009இல் இறந்தார். எனக்குத் தெரியும் என்பது கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது.

'கால் ஊன்றவே தெரியாதவர்.' அந்த வரியை நான் படித்தபோது எனக்கு என் கால் ஞாபகம் வரவில்லை. இப்போது புரிகிறதா, இரண்டு நாளாக நான் ஏன் தூங்கவில்லை என்று?

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். வீடியோ வேண்டுமானால் இருக்கட்டும், மேலே எழுதின அந்த வரியை மட்டும் எடுத்துவிடு. வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்குத் தமுக்கம் வாசலுக்கு வருகிறேன். உன் சீட்டு இரண்டு விரல்கடை தாழ்வாக இருக்கிறது, போன வாரமே பார்த்தேன். ஆலன் கீ எடுத்து வருகிறேன், கிளம்புவதற்கு முன்னால் ஏற்றிவிடலாம்.