சட்டத்தை எங்கே போய்ப் படிப்பது?

"சட்டம் தெரியாதாம்மா?" கரையில் நின்றவர் என் சித்தியிடம் கேட்டது நாலு நாளாகியும் மனசை அறுக்கிறது. விரலில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, கடலில் முங்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைக்கிறவர் சித்தி. தெரியாதுதான். தெரிந்துகொள்ள எங்கே வழி வைத்தீர்கள்?

சித்தி பாசி எடுக்கிற மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். எல்லை எதுவரை, எது கூடாது என்பதெல்லாம் அரசிதழில் இருக்கும். சரி, அதைப் படித்துச் சொல்வோம் என்று கிளை நூலகத்துக்குப் போனேன். நாவல் இருக்கிறது, ஜோதிடம் இருக்கிறது, போட்டித் தேர்வு கைடு அடுக்கடுக்காக இருக்கிறது. "அரசிதழெல்லாம் இங்க வர்றதில்ல தம்பி" என்றார் நூலகர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அனுப்பினால்தானே வைப்பார்.

ஒரு அலுவலகத்தில் கேட்டேன். "நெட்ல இருக்கு, பாருங்க." பார்த்தேன். எல்லாம் ஆங்கிலம். அதுவும் சாய்வாக ஸ்கேன் பண்ணிய பக்கங்கள், போனில் பெரிதாக்கினால் எழுத்து கலங்கிவிடுகிறது. கரையில் எந்த இடத்தில் என்ன கட்டுப்பாடு என்று நிறம் பிரித்துக் காட்டும் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்திலும் இதே கதை. எங்கள் வலை காயும் இடம் எந்த நிறத்துக்குள் வருகிறது என்று எங்களுக்கே தெரியவில்லை.

தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. அதன் 4-வது பிரிவு, கேட்காமலே தகவலை வெளியிடச் சொல்கிறது. உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. பொதுமக்களுக்கென்று நூலகமோ படிப்பறையோ இருந்தால் அது திறந்திருக்கும் நேரத்தைக்கூட அறிவிக்கச் சொல்கிறது! சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக, 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் கட்டுகிறோமே, அந்த நூலகத்தில் எங்களைப் பற்றிய சட்டத்துக்கு ஒரு தட்டு கிடையாதா?

இன்னொன்று. விசைப்படகு கரையை ஒட்டிய கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் விதி இருக்கிறது. நாட்டுப்படகுக்காரனுக்குக் காவல் அது. வலை அறுந்து வந்து நிற்கிறவன் எந்தச் சட்டம், எந்த விதி என்று எழுதிக் கொடுக்க, அது தமிழில் அவன் கைக்குக் கிடைக்க வேண்டாமா?

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கரையோர நூலகம் ஒவ்வொன்றிலும் அரசிதழும் மீன்பிடிச் சட்டமும் பூங்கா எல்லை வரைபடமும் தமிழில் வையுங்கள். சித்தி நாளைக்கும் பாசிக்குப் போகத்தான் போகிறார். அதற்குள் யாராவது அந்த எல்லையைக் காட்டுங்கள்.